செல்வமகள் கணக்குக்கு வரிக் கழிவு... உங்களுக்கு உண்டா?

மகள் பேர்ல செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கா? ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வரை வரிக் கழிவு, அதாவது நமக்குப் பழகிய 80சி, பழைய வரி முறையில் மட்டும்தான். 2023-24 முதல் புதிய முறைதான் இயல்புத் தேர்வு. ஆபீஸ்ல நீங்க எதுவும் சொல்லலைன்னா அதில்தான் பிடிப்பாங்க. அங்கே இந்தக் கழிவு கிடையாது.

வரியை எளிமையாக்குவது நல்லதுதான். ஆனா, மகளின் படிப்புக்குச் சேர்க்கும் பணத்துக்காவது கழிவை விட்டு வைத்திருக்கலாம்.

அதுக்காகக் கணக்கைப் பாதியில் விட்டுடாதீங்க. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் இரண்டு முறையிலுமே வரி இல்லை. மகளுக்கு 18 வயதானாலோ, பத்தாம் வகுப்பு முடித்தாலோ, மேற்படிப்புக்குப் பாதிப் பணம் வரை எடுக்கலாம். ஆண்டுக்கு ரூ.250-ஆவது போடலைன்னா, விடுபட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ரூ.50 அபராதம்.