ஏழு பேர்ச்சஸ் காணியில் எழும் வீடுகள்

ஆசிரியருக்கு,

இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2017 மே 12 அன்று இலங்கையின் நோர்வூட்டில் மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்த மலையக வீடமைப்பில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியேறும் குடும்பத்திற்குரிய அளவு ஏழு பேர்ச்சஸ் காணியும் ஏறத்தாழ 550 சதுர அடி வீடுமாகும். பொகவந்தலாவை போன்ற சரிவு நிலங்களில், மண்ணைத் தாங்கும் சுவரும் அதன் பின்னால் தேங்கும் நீரை வெளியேற்றும் குழாய்களும் அளவைப் பட்டியலில், அதாவது பொருளும் கூலியும் வரிவரியாகக் குறிக்கப்படும் மதிப்பீட்டில், தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும்; தென்மேற்குப் பருவமழையில் வெட்டுமண் சரிந்த பின், மேசனும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் செலவை எவர் ஏற்பது என்று வாதிடும்போது நட்டப்படுவது அக்குடும்பமே. அதே மழையில் கெட்டுவிடாதிருக்க, ஹாட்வெயார் கடையிலிருந்து சீமெந்தை மொத்தமாக இறக்காமல் வேலைக்கேற்பப் பெறுவதே நல்லது. ஒவ்வொரு கட்டக் கொடுப்பனவுக்கும் முன்னர், பட்டியலின் தமிழ்ப் பிரதி வீட்டுப் பெண்களின் கையிலும் இருப்பது அவசியம்.

வாசகர்,
பொகவந்தலாவை