பிள்ளையைப் பழிப்போருக்குப் பதில்

"ஆலைக்காரன் பிள்ளை அடங்காது, சேரிப் பிள்ளை உருப்படாது" என்று பேசித் திரிகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது விஞ்ஞானத்தையும் துணைக்கு அழைக்கிறார்கள். நியூஜிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிறுவயதில் பொறுமையும் தன்னடக்கமும் குறைந்திருந்தவர்கள், 32 வயதில் வருமானம் தாழ்ந்தும், உடல்நலம் கெட்டும், தண்டனை பெற்றும் அதிகமாகக் காணப்பட்டார்கள் என்று 2011இல் அறிக்கை வந்தது. குடும்பத்தின் அந்தஸ்தைக் கழித்துப் பார்த்தாலும் இது நிற்கிறது என்கிறார்கள். கணக்கை நாம் மறுக்கவில்லை. அந்த அடங்காமை எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறோம்.

பதில் அமெரிக்காவிலிருந்தே வந்திருக்கிறது. வட கரோலினா மலைப்பகுதியில் 1993 முதல் 1,420 பிள்ளைகளை ஆராய்ந்து வந்தார்கள். அவர்களில் 350 பேர் செரோக்கிப் பழங்குடிப் பிள்ளைகள். ஆராய்ச்சி பாதியில் இருக்கையில் அப்பழங்குடியினரின் நிலத்தில் சூதாட்ட விடுதி ஒன்று திறக்கப்பட்டது. (சூதாட்டத்தை நாம் வாழ்த்தவில்லை!) அதன் லாபத்தில் ஒரு பங்கு, அவ்வினத்தார் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இருமுறை, எந்த நிபந்தனையுமின்றிக் கிடைத்தது.

என்ன ஆயிற்று? வறுமையிலிருந்து மீண்ட குடும்பத்துப் பிள்ளைகளிடம் சண்டையும் முரட்டுத்தனமும் சொற்பேச்சுக் கேளாமையும் குறைந்து, வறுமையே அறியாத பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டன. மீளாத குடும்பங்களில் அப்படியே நீடித்தன. மனச்சோர்வும் அச்சமும் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2003இல் இதை வெளியிட்டவர்கள் கண்ட முக்கியக் காரணம், பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்தது என்பதே. அங்கே மிக ஏழைக் குடும்பப் பிள்ளைகள் ஓராண்டு கூடுதலாகப் படித்தார்கள் என்று 2010இல் இன்னொரு ஆய்வு கூறிற்று.

நேரம்! இரவு ஷிப்டு முடிந்து வந்து சாய்கிற தகப்பனிடமும், விடியுமுன் நடவுக்குப் போகிற தாயிடமும் அது எங்கே இருக்கிறது? பிள்ளை தெருவில் வளர்கிறது. பிறகு 'போக்கிரி' என்று பள்ளியிலிருந்து விரட்டப்பட்டு, அதே ஆலை வாசலில் தினக்கூலியாக வந்து நிற்கிறது.

வெள்ளையன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து பிறப்பிலேயே குற்றம் கண்டான். சென்னை மாகாணத்தில் அது 1947இல்தான் ஒழிந்தது. அந்தப் பேச்சு ஆராய்ச்சி வேஷம் போட்டுத் திரும்பி வருவதை அனுமதிக்க முடியாது.

'கூலியைப் பேசுவோம், பிள்ளைக் காப்பகம் பெண்கள் விஷயம்' என்று ஒதுக்குகிற தோழர்கள் நம் சங்கங்களிலும் உண்டு. அது சரியல்ல. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, பிள்ளைக் காப்பகம் மூன்றும் ஒரே கோரிக்கை மனுவில் இடம்பெற வேண்டும். அடுத்த போனஸ் பேச்சுவார்த்தைக்கே அந்த மனு போகட்டும்.