வாக்காளர் பட்டியலும் குடிமகனின் மறையுரிமையும்

குடியாட்சி நிலவும் நாட்டில் குடிமகன் அரசுக்கு அளிப்பன இரண்டு என்பர்: ஒன்று வரி, மற்றொன்று வாக்கு. வாக்கினை அளித்தற்கு முன்னர் அவன் அளிக்க வேண்டுவது பிறிதொன்றும் உண்டு. அது தன்னைப் பற்றிய செய்தி. பெயர், தந்தை பெயர் அல்லது கணவர் பெயர், வீட்டு எண், அகவை, பால் என்னும் இவற்றைக் கொடாது எவரும் வாக்காளர் ஆதல் இயலாது. வாக்கு மறைவாக இருத்தல் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆயின் அவ்வாக்குரிமையைப் பெறுதற்பொருட்டு நாம் கொடுத்த செய்திகள் எவர் கையில் உள்ளன, எப்பயனுக்கு ஆளப்படுகின்றன என்பதைப் பற்றிப் பெரிதும் எண்ணுவார் இலர். அதனைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்தல் என்றவுடன் தமிழ் பயில்வோர் நினைவில் முன்னிற்பது உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதற் பராந்தக சோழன் காலத்தே, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுக் குடவோலை முறையை விரித்துரைக்கின்றது. அம்முறை இன்றைய வாக்களிப்பு அன்று. குடத்திலிட்ட ஓலையை எடுக்கும் முறையே. எனினும் அதன்கண் ஒரு நுட்பம் உண்டு. நிலம், மனை, அகவை, கல்வி, முன்பு வகித்த பதவிக்குக் கணக்குக் காட்டினமை என்று துருவி ஆராயப்பட்டவர் வாரியப் பதவிக்கு உரியராக நின்றவரே. பொதுப்பணியை ஏற்க வருவோர் தம்மைத் திறந்து காட்டுதல் வேண்டும் என்பதே அதன் கருத்து. இக்காலத்தும், 2002-ஆம் ஆண்டில், வேட்பாளர் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்துக்களையும் கல்வியையும் வாக்காளர்க்கு வெளியிடல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே திறந்து காட்ட வேண்டியவர் வாக்குக் கேட்போர். மறைத்து வைத்தற்கு உரியவர் வாக்களிப்போர். இன்று நடைமுறை இந்நெறியினின்றும் பிறழ்ந்து வருகின்றதோ என்னும் ஐயமே எம்மை எழுதத் தூண்டியது.

வாக்கின் மறைவைக் காக்கும் சட்டம் நம் நாட்டில் வலிமையுடையதே. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, தாம் எவர்க்கு வாக்களித்தார் என்று கூறுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்கின்றது. 128-ஆம் பிரிவு, வாக்குப்பதிவிலும் எண்ணிக்கையிலும் ஈடுபட்ட அலுவலரும் முகவரும் மறைவைக் காவாதொழியின் 3 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கின்றது. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேற்சென்று, எவர்க்கும் வாக்களியாமையும் மறைவாக இருத்தல் வேண்டும் என்று தீர்ப்புரைத்தது. ‘இவர்களுள் எவரும் இலர்’ என்னும் பொத்தான் பொறியில் ஏறியது அத்தீர்ப்பின் பயனே.

வாக்குப் பெட்டிக்குள் நுழைந்தபின் இத்துணைக் காவல். நுழைதற்கு முன்போ காவல் மிகக் குறைவு. 1950-ஆம் ஆண்டுச் சட்டமும் 1960-ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளும் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுதல் வேண்டும் என்கின்றன. அங்கீகாரம் பெற்ற கட்சிகட்கு அதன் படிகள் விலையின்றித் தரப்படுகின்றன. இதனை யாம் குறை கூறவில்லை. பட்டியல் மூடிக் கிடப்பின் இறந்தோர் பெயர் அதில் உயிரோடு உலவும். உயிரோடிருப்போர் பெயர் சொல்லாமல் மறையும். 2025-ஆம் ஆண்டில் பீகார் மாநிலத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. அப்பெயர்களைக் காரணத்தோடு வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 14 அன்று ஆணையிட்ட பின்னரே மக்கள் தம் நிலையை எளிதில் அறிந்தனர். நம் தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று வெளிவந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. பட்டியல் திறந்திருந்தமையாலன்றோ விடுபட்டோர் முறையிட முடிந்தது?

மறைத்தலே மாண்பு என்று வாளா கூறுவார்க்கு வரலாறும் ஒரு பாடம் வைத்துள்ளது. 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எழுதியபோது, வட மாநிலங்களில் பெண்டிர் பலர் அயலார்க்குத் தம் பெயரைச் சொல்ல ஒருப்படாராய், இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதுவித்தனர். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென் அவ்வாறு பதிதல் கூடாது என்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்டிர் பட்டியலினின்றும் நீக்கப்பட்டனர். பெயரை மறைத்தமையால் உரிமை பறிபோயிற்று. எனவே, பெயர் பட்டியலில் இருத்தல் வேண்டும். அதனை அயலார் சரிபார்த்தலும் வேண்டும். இதில் எமக்கு ஐயமில்லை.

எம் வினா வேறு. பட்டியலில் அச்சிடப்படுவதற்கு மேலாக, படிவங்களில் நாம் எழுதித் தருவனவற்றின் கதி என்னை? பிறந்த நாள், கைப்பேசி எண், ஆதார் எண் ஆகிய இவை அச்சேறுவதில்லை, ஆயினும் திரட்டப்படுகின்றன. 2021-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஆகஸ்டு முதல் ‘6பி’ என்னும் படிவத்தின் வழி ஆதார் எண்கள் பெறப்பட்டன. 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், ஆதார் தருதல் கட்டாயமன்று என்று தேர்தல் ஆணையம் ஒப்புக்கொண்டது. அதற்குள் ஏறத்தாழ 66 கோடி எண்கள் திரட்டப்பட்டுவிட்டன. விருப்பம் என்று சட்டம் சொல்ல, கட்டாயம் என்று படிவம் சொல்லுமாயின், எழுத்தறிவு குறைந்த குடிமகன் எதனை நம்புவான்? அவ்வெண்களை எவர்க்கும் வெளியிடலாகாது, தாள்களை இரட்டைப் பூட்டில் வைத்தல் வேண்டும் என்று ஆணையம் தன் அலுவலர்க்கு அறிவுறுத்தியது நன்றே. ஆயினும் அறிவுரை வேறு, சட்டம் வேறு.

இவ்வச்சம் வீண் அச்சம் என்பார்க்கு இரு நிகழ்ச்சிகளை நினைவூட்டுவோம். 2021-ஆம் ஆண்டுத் தேர்தற்காலத்தில் புதுச்சேரி வாக்காளர் பலருடைய கைப்பேசிகட்கு, தத்தம் தொகுதிக்குரிய வாட்ஸ்அப் குழுவில் சேருமாறு செய்திகள் வந்தன. ஆதாரோடு இணைத்த எண்களுக்கே அவை வந்தன என்றும், பாரதிய ஜனதாக் கட்சியின் புதுச்சேரிக் கிளை அவ்வெண்களை முறைகேடாகப் பெற்றது என்றும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. கட்சியினர் அதனை மறுத்து, எண்கள் தொண்டர்கள் வீடுதோறும் சென்று திரட்டியவை என்றனர். நீதிமன்றமோ அதனை எளிய செய்தியாகக் கருதாது, ஆராயப்பட வேண்டிய ஒன்றெனக் கொண்டது. மற்றொன்று பெங்களூரில் 2022 நவம்பரில் வெளிப்பட்டது. வாக்காளர் விழிப்புணர்வுப் பணிக்கென மாநகராட்சியின் அனுமதி பெற்ற ‘சிலுமே’ என்னும் அறக்கட்டளையின் ஆட்கள், அரசின் வாக்குச்சாவடி அலுவலர் போலத் தோன்றி மக்களின் விவரங்களைத் திரட்டினர் என்று குற்றஞ்சாட்டப்பட்டது, அனுமதி நீக்கப்பட்டது, தேர்தல் ஆணையம் உயரலுவலர் இருவரைப் பணியிடை நீக்கம் செய்தது.

நகர்ப்புறத்துச் செய்தி நமக்கெதற்கு என்று நம் ஊரார் கருதற்க. நொய்யற்கரையில் உள்ள நம் சாமளாபுரத்தையும் அதனைச் சூழ்ந்த விசைத்தறி ஊர்களையும் எண்ணிப் பார்ப்போம். இங்கே ஒருவர் குடியிருக்கும் லைன் வீடு பல இடங்களில் தறி முதலாளிக்கே உரியது. அவரிடம் முன்பணமும் வாங்கியிருப்பர். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் உழைப்போருள் தென்மாவட்டத்தாரும் ஒடிசா, பீகார் மாநிலத்தாரும் பலர். பகல் ஷிப்டில் உள்ளவரைத் தேடி அலுவலர் வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். அந்நிலையில் படிவம் பக்கத்து வீட்டாரிடமோ, வீட்டுக்காரரிடமோ, கட்சி முகவரிடமோ தங்குதல் இயல்பு. 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கட்சியின் வாக்குச்சாவடி முகவர் ஒருவர் நாளொன்றுக்கு 50 படிவம் வரை ஒப்படைக்கலாம் என்று விதி இருந்தது. மக்களுக்கு அது உதவியே. ஆயின் 50 குடும்பத்தாரின் கைப்பேசி எண்ணும் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் ஒரு கட்சிக்காரர் கையில் ஒரு மாலைப்பொழுது தங்கிச் செல்கின்றன. அவற்றை அவர் படியெடுத்தலைத் தடுப்பது அவருடைய மனச்சான்று ஒன்றே.

இதனினும் கொடியதொரு நிலை உண்டு. கணவனின் கொடுமைக்கு அஞ்சிப் பிரிந்து வந்து தையற்பொறியில் அமர்ந்து பிழைக்கும் பெண் இருக்கின்றாள். சாதி கடந்து மணந்து, சொந்த ஊரை விட்டு ஒளிந்து வாழும் இளையோர் இருக்கின்றனர். நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் அத்தகைய மணம் புரிந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் மறந்தோமல்லோம். அக்கொலைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் தொடர்பு இல்லை. ஆயினும் அந்நிகழ்ச்சியை அறிந்த ஒரு பெண், தன் பெயரும் தந்தை பெயரும் வீட்டு எண்ணும் ஒரே வரியில் நிற்கும் பட்டியலில் தன்னைப் பதிந்துகொள்ளத் துணிவாளோ? வாக்கா, உயிரா என்று அவளைக் கேட்கும் சட்டம் நல்ல சட்டம் ஆகுமோ?

சட்டம் இங்கே என் செய்கின்றது? 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்ற ஆயம், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் அதன் 3-ஆம் பிரிவு, சட்டக் கடமையால் பொதுவில் வெளியிடப்பட்ட விவரங்கட்கு அச்சட்டம் பொருந்தாது என்கின்றது. வாக்காளர் பட்டியல் அவ்வாறு வெளியிடப்படுவதொன்று. 1950-ஆம் ஆண்டுச் சட்டமோ, பொய்யான உறுதிமொழி தரும் குடிமகனுக்கு ஓராண்டு வரையும், பட்டியலை ஆக்குவதில் கடமை தவறும் அலுவலருக்கு 2 ஆண்டு வரையும் சிறை விதிக்கின்றது. பட்டியலிலிருந்தோ படிவத்திலிருந்தோ பெற்ற விவரத்தை வேறு பயனுக்குத் திருப்பும் கட்சியையும் வணிகரையும் சுட்டித் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. கொடுப்போனுக்குத் தண்டனை உண்டு, காப்போனுக்கு உண்டு; கவர்வோனுக்கு மட்டும் இல்லை.

பிறநாட்டார் இதற்கு வழி கண்டுள்ளனர். இங்கிலாந்தில் ராபர்ட்சன் என்பார், தம் பெயரை வணிகர்க்கு விற்கும் பட்டியலில் சேர்ந்தாலன்றி வாக்களிக்க இயலாமை முறையன்று என்று வழக்காடி 2001-இல் வென்றார். அதன் விளைவாக 2002 முதல் அங்கே இரு பட்டியல்கள் எழுந்தன: ஒன்று தேர்தற்பணி முதலாகச் சட்டம் வரையறுத்த பயன்கட்கு மட்டும் உரிய முழுப்பட்டியல், மற்றொன்று எவரும் வாங்கத்தக்க பட்டியல். பின்னதில் தம் பெயர் வேண்டா என்று சொல்லும் உரிமை வாக்காளர்க்கு உண்டு. உயிர்க்கு அஞ்சுவோர் பெயரும் முகவரியும் தோன்றாமல் பதிந்துகொள்ளவும் ஆங்கு இடமுண்டு.

நம் நாட்டிலும் தேர்தல் ஆணையம் 2018 முதல் பட்டியலை எழுத்தாகத் தேடமுடியாத படக் கோப்பாக வெளியிட்டு வருகின்றது. தேடத்தக்க வடிவில் வேண்டும் என்று கேட்ட மனுவை அவ்வாண்டு அக்டோபர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆணையத்தின் கருத்து நற்கருத்தே. எனினும், பொருள் வளம் உடையார் பொறிகளைக் கொண்டு படத்தை எழுத்தாக்கிக் கொள்வர். தவறுகளைத் தேடும் எளிய தொண்டரே இடர்ப்படுவர். உடையவனைத் தடுத்துக் கள்வனை விடும் பூட்டு நல்ல பூட்டன்று. வடிவத்தை மறைத்தலினும் பயனை வரையறுத்தலே சிறந்தது என்பது எம் துணிபு.

ஆகவே யாம் வேண்டுவன நான்கு. முதலாவது, பட்டியலையும் படிவ விவரங்களையும் தேர்தற்பணிக்கன்றிப் பிறவற்றிற்கு ஆள்வது குற்றம் என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதுதல் வேண்டும். இரண்டாவது, கைப்பேசி எண்ணும் ஆதார் எண்ணும் விருப்பமாயின், அவ்விருப்பம் படிவத்தில் நல்ல தமிழில் தெளிவாக விளங்குதல் வேண்டும். மூன்றாவது, கட்சி முகவர் வழிச் செல்லும் படிவங்களை மூடிய உறையில் பெறுதல் வேண்டும். நான்காவது, அச்சுறுத்தலுக்கு ஆளானோர் முகவரி வெளிப்படாது பதிந்துகொள்ள வழி செய்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் பட்டியலைச் சரிபார்க்கும் உரிமையைக் குறைப்பதன்று. பெயர் திறந்திருக்க, ஏனைய காவலோடிருத்தல் இயலாததும் அன்று.

18 அகவை நிரம்பும் மாணவ அன்பர்காள்! இவ்வாண்டில் நம்முட் பலர் ‘6’-ஆம் படிவத்தை நிரப்பப் போகின்றோம். அதனை நிரப்பத் தயங்கற்க. வாக்குரிமையை இகழ்தல் நம் முன்னோர் பெற்றதை இழத்தலாகும். ஆயின் எந்தக் கட்டம் கட்டாயம், எது விருப்பம் என்று வாசித்தறிந்து நிரப்புவோம். எழுதத் தெரியாத அண்டை வீட்டார்க்கு எழுதிக் கொடுக்கும்போது அவர்தம் விவரங்களை நம் கைப்பேசியில் படம் பிடித்து வையோம். சட்டம் வரும்வரை நம் ஒழுக்கமே அவர்க்குக் காவலாகுக.