ஹார்மோன் எடுத்தால்தான் திருநங்கையா? கொல்கத்தா எழுப்பும் கேள்வியும் சட்டத்தின் இரட்டைப் பதிலும்

கொல்கத்தா: பிறப்பில் ஆண் என்று பதியப்பட்ட ஒருவர் பெண்ணாகவோ, ஆண், பெண் இரண்டுக்கும் இடைப்பட்டவராகவோ வாழ்கிறார். அவர் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளவில்லை. அறுவை சிகிச்சையும் செய்துகொள்ளவில்லை. அவரை அரசு யாராகப் பதிவு செய்யும்? இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் ஒரே பதிலைத் தரவில்லை. உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சொன்னது; நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதைப் பாதி ஏற்று, மீதியை மருத்துவமனையின் கையில் விட்டது.

இந்த முரண்பாட்டை நெருங்கிப் பார்ப்பதற்கு ஏற்ற நகரம் கொல்கத்தா. தெற்காசியாவின் முதல் பிரைடு பேரணியாகக் கருதப்படும் நட்பு நடைப்பயணம் 1999-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி இங்குதான் நடந்தது. அதில் பங்கேற்றவர்கள் 15 பேர் மட்டுமே. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' பிரிவில் நாடு முழுவதும் 4,87,803 பேர் பதிவாயினர். மேற்கு வங்கத்தில் 30,349 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் அவ்வாறு பதிந்தனர். அந்தக் கணக்கெடுப்பில் எவரிடமும் மருத்துவச் சான்று கேட்கப்படவில்லை, சொன்னதே பதிவாயிற்று.

தீர்ப்பு சொன்னது என்ன?

தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடர்ந்த வழக்கில் 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி ஆகியோர் வழங்கிய தீர்ப்பு இவ்விவகாரத்தின் அடித்தளம். பாலின அடையாளத்தைத் தீர்மானிப்பதில் உயிரியல் சோதனையை அவர்கள் ஏற்கவில்லை. ஒருவரது உள்ளம் தன்னை எவ்வாறு உணர்கிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டனர். பாலினத்தை அறிவிக்க அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்குவது அறமும் அன்று, சட்டப்படியானதும் அன்று எனத் தெளிவுபடுத்தினர்.

இதன் அடியொற்றி 2019-இல் இயற்றப்பட்டு, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், நிறைவேறியபோது கொண்டிருந்த வரையறை கவனத்திற்குரியது. அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை ஆகியவற்றைச் செய்துகொண்டாலும் செய்துகொள்ளாவிட்டாலும் ஒருவர் திருநரே என்று அது கூறியது. ஹார்மோன் என்ற சொல்லைப் பெயர் குறித்தே எழுதி, அது நிபந்தனை அன்று எனச் சட்டம் சொன்னது. பால்புதுமையரையும், ஹிஜ்ரா, கின்னர், அரவாணி, ஜோக்தா முதலிய மரபு அடையாளங்களையும் அதே வரையறை உள்ளடக்கியது.

இரண்டு சான்றிதழ்கள், இரண்டு அளவுகோல்கள்

ஆனால் அதே சட்டத்தின் அடுத்த பிரிவுகள் வேறு பாதையில் சென்றன. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து 'திருநர்' என்ற அடையாளச் சான்றிதழைப் பெற முடிந்தது. இதற்கு உறுதிமொழிப் பத்திரம் போதுமானதாக இருந்தது. உடல் பரிசோதனையோ மருத்துவப் பரிசோதனையோ கூடாது என 2020-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. சான்றிதழை 30 நாள்களுக்குள் வழங்க வேண்டும் என்றும் அவை கூறின.

'பெண்' அல்லது 'ஆண்' எனப் பதிய விரும்பினால் நிலைமை மாறியது. சட்டத்தின் 7-ஆவது பிரிவு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவக் கண்காணிப்பாளரின் சான்றுடன் திருத்தப்பட்ட சான்றிதழ் கோரலாம் என்றது. 2020 விதிகள் இதைச் சற்றே தளர்த்தின. அறுவை சிகிச்சை என்ற சொல்லுக்குப் பதிலாக மருத்துவத் தலையீடு என்ற சொல் வந்தது. ஆலோசனை, ஹார்மோன் சிகிச்சை, அறுவை சிகிச்சை ஆகிய மூன்றும் அதில் அடங்கின.

தாளில் பார்த்தால் ஆலோசனை மட்டுமே பெற்றவரும் தகுதியுடையவராகவே இருந்தார். எனினும் மருத்துவமனையின் தலைமை அலுவலர் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை. ஆகவே, 'நான் திருநங்கை' என்று ஒருவர் சொல்வதை அரசு நம்பியது. 'நான் பெண்' என்று அவரே சொன்னால் மருத்துவரின் சாட்சியைக் கேட்டது. ஹார்மோனை நாடாதவர் இந்த இடத்தில்தான் தடுத்து நிறுத்தப்பட்டார்.

உடலைச் சோதித்துப் பாலினத்தை முடிவு செய்யும் வழக்கம் புதிதும் அன்று. கல்கத்தா பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக இருந்த காலத்தில், 1871-ஆம் ஆண்டு, குற்றப் பரம்பரையினர் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இரண்டாம் பகுதி 'அலிகள்' எனப்பட்டோரைக் குறித்தது. தாமே ஒப்புக்கொள்வோரும், மருத்துவச் சோதனையில் ஆண்மையற்றோராகத் தெரிவோரும் அதன்கீழ் வந்தனர். பதிவேட்டில் இடம்பெற்றவர் பெண்ணுடை அணிந்து பொது இடத்தில் தோன்றினால் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம் என்றது அச்சட்டம். அன்று மருத்துவச் சோதனை தண்டிப்பதற்கு உதவியது; இன்று மருத்துவச் சான்று அங்கீகரிப்பதற்கு நிபந்தனையாகிறது. நோக்கம் நேர்மாறானது, ஆனால் ஒருவரது சொல்லைவிட அவர் உடலே நம்பத்தக்க ஆவணம் என்ற கருத்து மட்டும் நீடிக்கிறது.

வங்கத்தின் சொற்களும் வாழ்வும்

வங்க மொழியில் அவன், அவள் என்ற வேறுபாடு இல்லை. 'ஷே' என்ற ஒரே சொல் இருவரையும் குறிக்கும். வினைச்சொல்லும் பால் காட்டாது. தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் பேசுவதற்குள் அவர் பாலைச் சொல்லியாக வேண்டும், அல்லது 'அவர்' என்ற மரியாதைச் சொல்லில் ஒதுங்க வேண்டும். வங்காளிக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனால் இலக்கணம் கேட்காத கேள்வியை அரசுப் படிவம் கேட்கிறது.

திருநரைக் குறிக்க வங்கத்தில் பரவலாக வழங்கும் 'ரூபாந்தர்காமி' என்ற சொல்லும் சிந்தனைக்குரியது. உருமாற்றத்தை விரும்புபவர் என்பது அதன் பொருள். உடலை மாற்ற விரும்பாதவரை இப்பெயர் இயல்பாகவே வெளியே நிறுத்திவிடுகிறது. மறுபுறம், தெருவிலும் குழுக்களிலும் வழங்கும் கோத்தி, துராணி போன்ற சொற்கள் நடை, உடை, பேச்சு, உறவு ஆகியவற்றில் வெளிப்படும் பெண்மையைக் குறிப்பவை. உடல் மாற்றத்தைக் கட்டாயமாகக் கருதுபவை அல்ல. ஆண் உடையில் வேலைக்குச் சென்று, மாலையில் தோழியரிடையே பெண்ணாக இருப்பவரும் அவற்றுள் அடங்குவார். ஆய்வாளர் அனிருத்த தத்தாவும் கொல்கத்தாவின் செயற்பாட்டாளர் ரைனா ராயும் 2014-இல் எழுதிய கட்டுரை, 'டிரான்ஸ்ஜெண்டர்' என்ற உலகப் பொதுச்சொல் இத்தகைய உள்ளூர் வாழ்வுகளை முழுமையாகத் தாங்குமா என்ற ஐயத்தை எழுப்பியது.

ஹிஜ்ரா மரபிலும் இந்தப் பிரிவு உண்டு. உறுப்பு நீக்கம் செய்துகொண்டவரும் செய்துகொள்ளாதவரும் ஒரே குழுவில் வாழ்ந்தாலும், அவர்களைக் குறிக்கத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. மதிப்பிலும் வேறுபாடு காட்டப்படுவதுண்டு. ரயிலிலும் சாலையிலும் 'அசலா, போலியா' என்று எழும் கேள்விக்கு உடலையே விடையாகக் காட்ட வேண்டிய நிலை, ஹார்மோனையும் அறுவை சிகிச்சையையும் விரும்பாதவர்களை அச்சத்தில் வைக்கிறது. இந்த அவமானத்திற்கு அஞ்சியே சிகிச்சையை நாடுவோரும் இருப்பார்கள் என்றால், அதைச் சுதந்திரமான தேர்வு எனக் கூற இயலாது.

மேடையிலும் திரையிலும்

வங்கப் பண்பாட்டிற்கு இந்த வாழ்வு அந்நியமானது அன்று. ஜாத்ரா நாடகங்களில் பெண் வேடமேற்றுப் புகழ்பெற்ற சபல் பாதுரி, 'சபல் ராணி' என்றே அறியப்பட்டார். ஒப்பனையும் புடவையும் குரலுமே அவரது பெண்மையின் கருவிகள். நடிகைகள் ஜாத்ரா மேடைக்கு வந்தபின் அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. பின்னாளில் அம்மை நோயின் தெய்வமான சீதளா தேவியாக வேடமிட்டு நடித்தார். அவரைப் பற்றி நவீன் கிஷோர் 1999-இல் ஆவணப்படம் எடுத்தார்.

ரவீந்திரநாத் தாகூரின் 'சித்ராங்கதா' இன்னும் ஆழமாகச் செல்கிறது. ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்ட மணிப்பூர் இளவரசி, அர்ஜுனனைக் கவர்வதற்காக மதனிடம் ஓராண்டுக்கு அழகிய உருவத்தை வரமாகப் பெறுகிறாள். இறுதியில் தன் இயல்பான உருவோடு ஏற்கப்படவே விரும்புகிறாள். அக்கதையைத் தழுவி ரிதுபர்ணோ கோஷ் 2012-இல் இயக்கி நடித்த 'சித்ராங்கதா' திரைப்படத்தில், பாலின மாற்றச் சிகிச்சையைத் தொடங்கும் நடன இயக்குநர் அதை நிறைவு செய்வதா என்ற கேள்வியை எதிர்கொள்கிறார். உடலை மாற்றுவது யாருக்காக என்பதே இரு படைப்புகளும் கேட்கும் கேள்வி.

ஹார்மோனைத் தவிர்ப்பது ஏன்?

பெண்மை ஹார்மோன் சிகிச்சை பலருக்கு வாழ்வளிக்கும் மருந்து. அதில் ஐயமில்லை. ஆயினும் எல்லாருக்கும் அது பொருந்துவதில்லை. ஈஸ்ட்ரோஜன் இரத்தக்கட்டு அபாயத்தை உயர்த்தக்கூடும்; இதய நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. கருவளம் குறையலாம். மார்பக வளர்ச்சி போன்ற மாற்றங்கள் மருந்தை நிறுத்தினாலும் மறைவதில்லை. தொடர் இரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவர் கண்காணிப்புக்கும் செலவாகும். அச்செலவைத் தாங்க இயலாதோர் மருத்துவர் ஆலோசனையின்றிக் கருத்தடை மாத்திரைகளை அதிக அளவில் உட்கொள்வது ஆபத்தானது.

சிலருக்குக் காரணம் உடல்நலம், சிலருக்குக் குடும்பம், சிலருக்கு, மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்ற நிறைவு. மேலும், ஆண் பருவமடைந்தபின் தடித்த குரலை ஈஸ்ட்ரோஜன் மாற்றாது. முகத்தாடியை முழுவதுமாக அகற்றாது. எனவே 'பார்த்தால் பெண்ணாகத் தெரிய வேண்டும்' என்ற சமூகத்தின் சோதனையில் ஹார்மோன் எடுத்தவரும் எளிதில் தேறிவிடுவதில்லை.

மருத்துவ உலகமும் தன் நிலையை மாற்றிக்கொண்டுள்ளது. உலக சுகாதார அமைப்பின் 11-ஆவது நோய் வகைப்பாடு பாலின முரண்பாட்டை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. திருநர் நலனுக்கான உலக மருத்துவர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட 8-ஆவது வழிகாட்டி, சிகிச்சை ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ப அமைய வேண்டும் என வலியுறுத்துகிறது; எல்லாரும் கடந்தாக வேண்டிய ஒரே படிவரிசை எதையும் அது விதிக்கவில்லை.

வேலையில்தான் உண்மைச் சோதனை

மேற்கு வங்கத்தில் மானபி பந்தோபாத்யாய் 2015-இல் கிருஷ்ணாநகர் மகளிர் கல்லூரி முதல்வரானார். ஜோயிதா மண்டல் 2017-இல் உத்தர் தினாஜ்பூர் மாவட்டத்தில் லோக் அதாலத் உறுப்பினரானார். இவை பெருமைக்குரிய தொடக்கங்கள். ஆனால் தனிமனிதச் சாதனைகள் கொள்கைக்கு ஈடாகா. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியும் நேர்காணலுக்கு அழைக்கப்படாத திருநர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், அரசு வேலைவாய்ப்பில் திருநருக்கு 1 சதவீத இடஒதுக்கீட்டை உறுதி செய்யுமாறு கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ராஜசேகர் மந்தா 2024 ஜூன் மாதம் மாநில அரசுக்கு உத்தரவிட்டார்.

இடஒதுக்கீடு என்றதும் எழும் எதிர்வாதம் ஒன்றுண்டு. வெறும் அறிவிப்பை ஏற்றால் தகுதியற்றோர் சலுகையைப் பறித்துக்கொள்வர் என்பதே அது. இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் உறுதிமொழிப் பத்திரத்தில் பொய் கூறுவது ஏற்கெனவே தண்டனைக்குரிய குற்றம். மேலும், திருநர் என்று பதிந்துகொள்வதால் வாடகை வீடு முதல் குடும்ப உறவு வரை ஒருவர் இழக்கக்கூடியவை மிகுதி. மோசடியைத் தடுக்க ஆவணச் சரிபார்ப்பை வலுப்படுத்தலாம். அதற்காக உடலுக்குள் மருந்தைச் செலுத்தச் சொல்வது பொருந்தாத வழி.

தமிழ்நாட்டு அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 2014-இல், பணியில் சேர்ந்தபின் மருத்துவப் பரிசோதனை முடிவைக் காட்டிப் பணிநீக்கம் செய்யப்பட்ட பெண் காவலரின் வழக்கில், தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமை அவருக்கு உண்டு எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் எனக் கூறினார்.

உலகம் செல்லும் திசை

2012-இல் அர்ஜென்டினா, மருத்துவச் சான்று ஏதுமின்றிப் பாலினப் பதிவை மாற்ற வழிவகுத்தது. 2017-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், மலட்டுத்தன்மையை உண்டாக்கும் சிகிச்சையை நிபந்தனையாக்கியதற்காகப் பிரான்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் ஜப்பான் உச்ச நீதிமன்றமும் கருவள நீக்க நிபந்தனை அரசமைப்புக்கு முரணானது என்றது. அதேவேளையில் பாகிஸ்தானில் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தன்னறிவிப்புப் பிரிவுகளை 2023 மே மாதம் கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம் செல்லாதவை என அறிவித்தது. ஒருமுறை கிடைத்த உரிமை நிலைத்தே இருக்கும் என்று எண்ணிவிட முடியாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஹார்மோன் வேண்டுவோருக்கு அது பாதுகாப்பாகவும், தாங்கக்கூடிய விலையிலும், அரசு மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும். வேண்டாதோர் அதற்காக வேலையையும் அடையாள அட்டையையும் இழக்கக் கூடாது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் கோரிக்கைகள் அல்ல. தன் உடலைப் பற்றிய முடிவு தன்னுடையதே என்ற ஒரே உரிமையின் இரு முகங்கள். 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த உரிமையை ஏற்றது. ஆட்சியர் அலுவலகத்தின் படிவமும், பணி நியமன ஆணையும், மருத்துவமனையின் முத்திரையும் அதற்கேற்ப மாறுகின்றனவா என்பதைக் கொண்டே அத்தீர்ப்பின் பயனை அளவிட முடியும்.