மழைக்கு முன் பக்கத்து வீட்டுக்கு ஒரு கடிதம்

வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. அடுத்த வாரங்களில் என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பலருக்கும் ஒரே கேள்விதான். "மேடம், மரம் அவங்களோடது, விழுந்தது எங்க வீட்டு மேல. செலவை யார் குடுக்கணும்?" அம்பத்தூர், பூந்தமல்லி நீதிமன்றங்களில் சிவில் வழக்குகள் நடத்துபவள் நான். மரத்துக்குச் சொந்தக்காரர்களும் வந்தார்கள். "புயல் அடிச்சதுக்கு நான் என்ன மேடம் பண்ண முடியும்?" தான் சொல்வதுதான் நியாயம் என்ற உறுதி இரு தரப்புக்கும் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மரத்துக்குப் பதில் தண்ணீர் பிரச்சினையானது, கேள்வி மாறவில்லை.

சட்டம் சொல்லும் பதில் இருவருக்குமே முழுத் திருப்தி தராது. மரம் உங்களுடையது என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. புயலில் விழுந்தது என்ற ஒரே காரணத்தைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. விழும் நிலையில் இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்றுதான் நீதிமன்றம் கேட்கும். வேர் ஆழமாகப் பிடித்துப் பச்சையாக நின்ற வேம்பை, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்று பெயர்த்துப் போட்டால் வளர்த்தவர் மேல் தப்பில்லை. அடிமரம் உளுத்து, கரையான் ஏறி, வருடக் கணக்கில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவர் மேல் சாய்ந்து நின்ற மரம் என்றால் அந்தப் பேச்சு எடுபடாது.

இங்கிலாந்தில் 1926-ல் தீர்ப்பான ஒரு வழக்கு இதற்குப் பழைய உதாரணம். நெடுஞ்சாலை மேல் நீண்டிருந்த மரக்கிளை முறிந்து, அந்த வழியாகச் சென்ற பேருந்தின் மேல் விழுந்தது. கிளைக்குள் இருந்த பழுது வெளியே தெரியக்கூடியதாக இல்லை என்பதால் நிலத்துக்காரர் விடுவிக்கப்பட்டார். நம் உச்ச நீதிமன்றமும் 1997-ல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் இதே பாதையில்தான் போனது. 1975-ல் அந்த ஊரில் வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர் மேல் சாலையோர மரம் விழுந்து உயிர் போனது. கீழ் நீதிமன்றங்கள் குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொல்லின. மரம் விழும் என்று மாநகராட்சி முன்கூட்டி அறிய வழியில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆயிரக்கணக்கான மரங்களை வைத்திருக்கும் ஓர் அமைப்பு அவற்றைச் சோதித்துப் பார்க்காமலேயே 'தெரியாது' என்று சொல்லலாம் என்பதை என் மனம் இன்றுவரை ஏற்கவில்லை. ஆனால் அதுதான் சட்டம். அப்படியென்றால் 'தெரியாது' என்று சொல்ல முடியாதபடி நாம்தான் செய்ய வேண்டும். அதற்கு ஒரு கடிதம் போதும்.

செப்டம்பரிலேயே எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். முதலில் நேரில் போய்ப் பேசுங்கள்: "அண்ணே, உங்க மரம் எங்க சுவர் பக்கம் சாயுது, மழைக்கு முன்ன கொஞ்சம் பாருங்க." பிறகு அதையே நான்கு வரியில் எழுதி, தேதி போட்டு, போட்டோ இணைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். "இத்தனை வருஷமா பழகிட்டு லெட்டரா போடறது?" என்று எல்லாரும் தயங்குகிறார்கள். புயலுக்குப் பிறகு அனுப்பும் வக்கீல் நோட்டீஸ்தான் உறவை முறிக்கிறது. திருமுல்லைவாயலில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் இப்படி எழுதிக் கொடுத்தார். எதிர் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் நாள் மரம் வெட்டுபவரைக் கூட்டி வந்து, எந்தக் கிளையை எடுக்கலாம் என்று இவரையே கேட்டிருக்கிறார்.

மரத்தைவிட எனக்கு அதிகப் பயம் மொட்டை மாடி ஷீட்டில்தான். அம்பத்தூர், கள்ளிக்குப்பம், ஆவடி என்று எங்கே மாடியில் நின்று பார்த்தாலும் தகர ஷீட்டும் சிமென்ட் ஷீட்டும்தான் கண்ணில் படும். துணி காய, வாடகைக்கு ஒரு அறை விட, சிறு பட்டறை வைக்க என்று போட்டவை. மரத்தின் உள்நோய் வெளியே தெரியாமல் போகலாம். ஷீட் மனிதர் போட்டது. போல்ட் எத்தனை, துருப்பிடித்ததா, ஓரம் தூக்கி நிற்கிறதா என்பதெல்லாம் ஏறிப் பார்த்தால் தெரியும். போல்ட் போடாமல் செங்கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைத்திருப்பவர்கள் அநேகம். பலத்த காற்றில் ஷீட்டோடு செங்கல்லும் கிளம்பும். கீழே நிற்கும் காரின் கண்ணாடியோடு போனால் புண்ணியம். என்னைக் கேட்டால், பறந்த ஷீட்டுக்குப் 'புயல்' என்ற சாக்கை எந்த நீதிமன்றமும் லேசில் ஏற்கக் கூடாது.

அந்தச் சாக்குக்குச் சட்டத்தில் 'கடவுளின் செயல்' என்று பெயர். அதன் வரலாற்றில் நம் பக்கத்து வழக்கு ஒன்று இருக்கிறது. ஆலைக்காரர் ஒருவர் கட்டிய நீர்த்தேக்கம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கில், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு என்று 1868-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொன்னது. அந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கார்வேட்நகரம் ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரை ரயில் விட்ட அதே கம்பெனிதான். கனமழையில் ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில்பாதையில் சேதம். 1874-ல் பிரிவி கவுன்சில் கம்பெனியின் வாதத்தை நிராகரித்தது. ஏரிகள் இந்த மண்ணில் தொன்றுதொட்டு மக்கள் பிழைப்புக்கு ஆதாரமானவை, அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை, கவனக்குறைவு நிரூபணமானால்தான் இழப்பீடு என்றது. ஊரின் வாழ்க்கையைப் பார்த்துச் சொன்ன நல்ல தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இந்திய வானிலைத் துறையே 1875-ல்தான் தொடங்கியது. அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதை 'எதிர்பாராதது' என்றால் நம்பலாம். இன்று வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகும்போதே கைபேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது. பெயர், திசை, காற்றின் வேகம், ரெட் அலர்ட் எல்லாம் நாள் கணக்கில் முன்னதாகத் தெரிகிறது. 2015 வெள்ளம், வர்தா, மிக்ஜாம் என்று இத்தனையும் பார்த்த ஊரில், டிசம்பர் மழை யாருக்கு எதிர்பாராதது? குஜராத்தில் அணையிலிருந்து திறந்த தண்ணீரில் தோட்டம் அழிந்தவர்களின் வழக்கில், கடவுளின் செயல் என்று அரசு சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அரசுக்குப் பொருந்துவது அடுத்த வீட்டுக்காரருக்கும் பொருந்த வேண்டும்.

தண்ணீர் வழக்குகள்தான் மிகவும் சிக்கலானவை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மேட்டு நிலத்தில் பெய்த மழை இயற்கையாகப் பள்ளத்து நிலத்துக்கு ஓடுவதைப் பள்ளத்துக்காரர் தடுக்கக் கூடாது என்கிறது. எங்கள் புறநகரில் எது மேடு, எது பள்ளம் என்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. புதிதாகக் கட்டுபவர் கட்டட இடிபாட்டைக் கொட்டி மனையை மூன்றடி தூக்குகிறார். அது இயற்கையான மேடு இல்லை. அங்கிருந்து தண்ணீரைத் திருப்பிவிட இந்தப் பிரிவு அவருக்கு உரிமை தரவில்லை. ஆனால் அவரைக் கேட்டால் சாலையைக் காட்டுகிறார். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, ஒரு காலத்தில் நான்கு படி ஏறிப் போன வீடுகளை நான்கு படி இறங்கிப் போகும்படி செய்துவிட்டார்கள். சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அந்த உத்தரவு தெருத் தெருவாக நடந்தால், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மோதிக்கொள்ளும் வழக்குகளில் கணிசமானவை நீதிமன்றப் படியே ஏறாது.

காவல் நிலையத்துக்குப் போனால் 'சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிடுவார்கள். சிவில் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து இடத்தைப் பார்க்கச் சொல்லலாம். அவர் வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். அதனால் சேதம் நடந்த அன்றே எடுத்த படமும் வீடியோவும் முக்கியம். விழுவதற்கு முன்பே தடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துபவர்தான் குறைவு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133. அக்கம்பக்கத்தாருக்கோ தெருவில் போகிறவர்களுக்கோ ஆபத்தாக, விழும் நிலையில் நிற்கும் மரத்தையும் கட்டடத்தையும் அகற்றவோ, சரிசெய்யவோ, முட்டுக்கொடுக்கவோ வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவிடலாம். ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் செப்டம்பர் மாதத்தில் இந்த மனுக்களுக்கென்றே நாள் ஒதுக்க வேண்டும்.

காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசியில் புயல், வெள்ளத்தோடு மரம் விழுந்து ஏற்படும் சேதமும் அடங்கும். காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் நயா பைசா வராது.

ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. ஆபத்தான மரத்தின் சொந்தக்காரர் பல நேரம் தனியாக வாழும் வயதான அம்மாவாக இருக்கிறார். கணவர் வைத்த மரம். கையில் பென்ஷன் மட்டும். மரம் வெட்டுகிறவர் கேட்கும் தொகை அவருக்கு மாத வருமானத்தையும் தாண்டும். அவருக்கு நோட்டீஸ் அனுப்பிக் கொடுக்க எனக்குக் கை வருவதில்லை. சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலமும் ஆவடி மாநகராட்சியும் பூந்தமல்லி நகராட்சியும் மழைக்கு முன் இப்படிப்பட்ட மரங்களைப் பார்த்துச் சொல்ல ஆள் அனுப்பலாம். முடியாதவர்களுக்குத் தாங்களே கிளை கழித்துக் கொடுத்து, செலவைச் சொத்து வரியோடு தவணையில் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை, வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் வழக்குப் போடும் முன்பே மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. வெட்டுக்கூலி பாதிப் பாதி என்று இரு வீட்டாரும் லோக் அதாலத்தில் ஒத்துக்கொண்டால், அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை.