கயாக்குக்கு முன் வழிகாட்டி

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கடலோரமாகப் பரந்திருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு, ஒரகடத்திலிருந்து நான்கைந்து மணி நேரப் பயணம். சேரப்பணஞ்சேரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தங்கி ஒரகடத்து ஆலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு, சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தால் போய்வர ஏற்ற இடம். இத்தகைய காடுகளில் மோட்டார் படகைக் குறைத்து, ஒருவரோ இருவரோ துடுப்பு வலித்துச் செல்லும் சிறு படகான கயாக்குக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி முன்னே செல்லாமல் ஒரு கயாக்கும் காட்டுக்குள் நுழையக் கூடாது.

மோட்டார் படகு செய்யும் கேடு கண்கூடானது. வேகமாகப் போகும் படகின் அலை கரைச் சேற்றை அரிக்கிறது; சேறு கரைந்தால் வேர் பிடிப்பிழந்து மரம் சாய்கிறது. மலேசியாவின் லங்காவித் தீவில், கிலிம் ஆற்றுச் சுற்றுலா இதைப் பட்டறிந்திருக்கிறது. கயாக்குக்கு இரைச்சலும் இல்லை, புகையும் இல்லை, முழங்கால் ஆழத் தண்ணீரே அதிகம். அதன் அபாயமும் அங்கேதான் இருக்கிறது. பெரிய படகு எட்டாத குறுகிய ஓடைக்குள் அது புகுந்துவிடும். பறவைகள் இரை தேடுவதும் ஓய்வதும் பெரும்பாலும் அந்த ஒதுக்குப்புறங்களில்தான். மோட்டார் சத்தம் தொலைவிலேயே எச்சரித்துவிடுகிறது. ஓசையின்றி வரும் கயாக்கைப் பறவை கடைசி நொடியில் கண்டு பதறிப் பறக்கிறது. வலசைப் பறவைகள் தங்கும் குளிர்காலமே சுற்றுலாப் பயணிகளும் திரளும் காலம் என்பதால் இதன் பாதிப்பு கூடுகிறது. நீர் வற்றும் நேரம் தெரியாதவர் சேற்றில் சிக்கி, படகைத் தள்ள இறங்கினால், வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் காலடியில் நொறுங்கும். 2021 இந்திய வன நிலை அறிக்கைப்படி தமிழகம் முழுவதற்கும் அலையாத்திக் காடு 45 சதுர கிலோமீட்டர்தான். பிச்சாவரம் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது; 2004 ஆழிப்பேரலையில் தன் பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாகவும் நின்றது. இவ்வளவு சிறிய காட்டில் சோதித்துப் பார்க்க இடமில்லை.

எந்த ஓடையில் எப்போது நீர் ஏறும், எந்தக் கரையில் கூடு இருக்கிறது என்பதைப் பலகை வைத்துச் சொல்ல முடியாது. கையால் தடவி இறால் பிடிக்கும் பிச்சாவரத்து இருளர்களுக்கும், படகு குழாமில் துடுப்பு வலிப்பவர்களுக்கும், மீனவர்களுக்கும் அது அன்றாட அறிவு. வழிகாட்டி வேலையில் முதல் உரிமை அவர்களுக்கே. இராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துவது இதற்கு நல்ல முன்னுதாரணம்.

வழிகாட்டியைக் கட்டாயமாக்கினால் கட்டணம் ஏறும், சாதாரணத் தொழிலாளிக்கு எட்டாது என்ற ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் நாலைந்து கயாக்குகளை அழைத்துச் சென்றால் செலவு பங்காகும். பயிற்சிச் செலவை ஏற்க வேறு வழி இருக்கிறது: 2013 நிறுவனச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ லாபமோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும்; சூழல் பாதுகாப்பும் தொழிற்பயிற்சியும் அந்தப் பட்டியலில் உள்ளவை. தம் ஊழியர்களை உல்லாசப் பயணம் அனுப்ப அந்தப் பணத்தைத் தொட முடியாது, தொடவும் கூடாது. ஒரகடத்து ஆலைகள் அதை இருளர் இளைஞர்களின் பயிற்சிக்கும் உயிர்காப்பு உடைகளுக்கும் தரலாம். கயாக் ஓட்ட இயலாத முதியவர்களும் குழந்தைகளும் என்ன செய்வார்கள் என்றால், துடுப்புப் படகு இருக்கவே இருக்கிறது.

ஆகவே புதிதாக ஒரு கயாக் வாங்குவதற்கு முன்பே, சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் வனத்துறையும் மூன்று விவரங்களை வெளியிட வேண்டும்: ஓர் ஓடையில் ஒரு நாளைக்கு எத்தனை படகு, எந்த ஓடைகள் எந்த மாதங்களில் மூடப்படும், கட்டணத்தில் வழிகாட்டியின் பங்கு எவ்வளவு.