பச்சை நிறக்காரியும் ஒரு பழைய சினிமா தியேட்டரும்

லண்டனில் மகன் வீட்டில் இருந்தபோது மருமகள் ஒருநாள், “மாமா, ‘விக்கட்’டுக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்” என்றாள். கிரிக்கெட் என்றுதான் முதலில் நினைத்தேன். பொல்லாதவள் என்று அர்த்தமாம். பச்சைத் தோலோடு பிறந்த ஒரு பெண்ணை ஊரே சூனியக்காரி என்று ஒதுக்குகிறது. அவள் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் இசை நாடகம். இசை ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். கொரோனா காலம் நீங்கலாக, 2006 செப்டம்பரிலிருந்து அதே அரங்கில் ஓடுகிறது.

பாட்டும் நடிப்பும் பிரமாதம்தான். ஆனால் இடைவேளையில் எல்லாரும் ஐஸ்கிரீம் வாங்கப் போக, நான் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

விக்டோரியா ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இந்த அப்போலோ விக்டோரியா, நாடகத்துக்காகக் கட்டியதே அல்ல. 1930 அக்டோபரில் ‘நியூ விக்டோரியா’ என்ற பெயரில் திறந்த சினிமாக் கொட்டகை. கடலுக்கு அடியில் ஓர் அரண்மனை இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து உள்ளே அலங்கரித்தார்கள். 1975-இல் படம் ஓடுவது நின்றது. ஆனால் அதற்கு முன்பே, 1972-இல், பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. நினைத்தபடி இடிக்க முடியாது. வேறு பிழைப்பைத்தான் தேட வேண்டும்.

தேடினார்கள். 1981-இல் நாடக, இசை அரங்கமாக மறுபடி திறந்தது. 1984-இல் ‘ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்’ வந்தது. நடிகர்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ரயில் வண்டிகளாக ஓட, பார்வையாளர்களைச் சுற்றியே பாதை போட்டார்கள். கிட்டத்தட்ட 18 வருஷம், 7,409 காட்சிகள்! அது முடிந்ததும் 2002 ஜூனில் வந்தது நம்ம ஏ.ஆர். ரஹ்மானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’. கோடம்பாக்கத்து மனிதரின் இசை அந்தச் சுவர்களுக்குள் இரண்டு வருஷம் ஒலித்திருக்கிறது. அதை நினைத்ததும், பக்கத்து சீட்டு வெள்ளைக்காரரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை.

ரஹ்மானின் ஊரில் என்ன செய்தோம்? சஃபையர், ஆனந்த், சாந்தி, எல்லாம் போயிற்று. ப்ளூ டைமண்டில் எந்த நேரமும் உள்ளே நுழைந்து, பாதியிலிருந்து படம் பார்த்து, ஆரம்பத்தையும் பார்த்துவிட்டு எழுந்து வந்த நம் வயசுக்காரர்களுக்கு அந்த வலி தெரியும்.

ஆனால் வலியை மட்டும் பேசி என்ன பயன்? கூட்டம் வராத தியேட்டரை முதலாளி எத்தனை நாள் நஷ்டத்தில் நடத்துவார் என்பது நியாயமான கேள்வி. லண்டனிலும் நஷ்டம் வந்தது. அங்கே சட்டம் இடிக்கும் வழியை அடைத்தது. மாற்றிப் பயன்படுத்தும் வழியை மூடவில்லை. ஒருவர் சக்கரப் பாதை போட்டார், அடுத்தவர் அதைக் கழற்றினார். கட்டடம் நின்றது.

தினமும் இசை நாடகம் பார்க்க இங்கே ஆள் இல்லை என்பீர்கள். சரி. மார்கழியில் சபாக்காரர்கள் அரங்கத்துக்கு அலைவதைப் பார்க்கிறோமே! நாடகக் குழுக்கள் வாடகை கட்டுப்படியாகாமல் தவிக்கின்றனவே! மிச்சமிருக்கும் பழைய தியேட்டர்களில் நாலைந்தையாவது அரசு பட்டியலில் சேர்த்து, முதலாளிக்கு வரிச் சலுகை கொடுத்து, கச்சேரிக்கும் நாடகத்துக்கும் திறந்துவிடலாம். போன சாந்தியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இருப்பதையாவது காப்பாற்றலாம்.

வெளியே வரும்போது மருமகள் கேட்டாள், “கதை புரிஞ்சுதா மாமா?”

“ரெண்டு கதையும் புரிஞ்சுதும்மா” என்றேன்.